கடல்மட்டத்து ஆட்கள் பனியாற்றுக்குப் போவதென்றால்

என் பெரியம்மாவுக்கு அறுபத்தாறு வயது. தட்சிண கைலாயம் என்று பெயர்பெற்ற கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். வடக்கே இருக்கிற கைலாயத்தையும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன மாதம் ஒரு யாத்திரைப் பயணத்திட்டத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பாகிஸ்தானின் வடக்கே, காரகோரம் மலைகளுக்குள்ளே, பல்தோரோ என்ற பனியாற்றின்மேல் நடந்துவிட்டு வந்தவன் நான். ஆகவே கேட்கவேண்டிய ஆள் நான்தான் என்று அவர் முடிவுசெய்திருந்தார்.

“குளிரை நான் தாங்குவன் தம்பி. கம்பளி, காலுறை எல்லாம் வாங்கலாம். மூச்சுத்தான் என்ன செய்யுமெண்டு எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. பனியாறு, பனியாறு எண்டுறாய், அது என்னெண்டும் சொல்லு.”

அவருக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். திருகோணமலையில் பிறந்து கடலை ஒட்டியே வாழ்ந்து, ஒருநாள் பெரிய மலைகளைப் பார்க்கப் புறப்படுகிற எவருக்கும் இது உதவும். எங்கள் நாட்டு மலைகள் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருவதில்லை. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். நாட்டிலேயே உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதன் உச்சியில் நாங்கள் இரவு தங்கப் போவதுமில்லை. சிவனொளிபாதமலையைப் பத்துத்தரம் ஏறி இறங்கியவருக்கும் மெல்லிய காற்று என்றால் என்னவென்று உடம்பில் பட்டிருக்காது.

காரகோரம் எங்கே?

பாகிஸ்தான், இந்தியா, சீனா ஆகியவற்றின் எல்லைகள் நெருங்கும் பக்கத்தில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற மலைத்தொடர் இது. பெயர் துருக்கிய மொழி வழி வந்தது; கரிய சரளைக்கல் என்று பொருள். உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே2 இங்கேதான் நிற்கிறது, 8,611 மீற்றர். 1856இல் தோமஸ் மொன்ற்கொமரி என்ற நில அளவையாளர் தூரத்திலிருந்து சிகரங்களைப் பார்த்து, காரகோரத்தின் முதல் எழுத்தை வைத்து கே1, கே2 என்று இலக்கமிட்டார். மற்றவை பலவற்றுக்குப் பின்னாளில் அந்த மண்ணின் பெயர்கள் நிலைத்தன. இதற்கு மட்டும் இலக்கமே பெயராகிவிட்டது. அங்கே வாழும் பல்தி மக்களின் வாயில் அது சோகோரி. சோகோ என்றால் பெரிய, ரி என்றால் மலை. எங்கள் ஊர்க் குன்றைத் தேவாரம் ‘கோணமாமலை’ என்று பாடுகிறது. இரண்டும் மாமலைதான். அந்தச் சிகரத்துக்கு எதிரே நின்றபோது இது நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வழி எளிதல்ல, ஆனால் சிக்கலுமல்ல. இஸ்லாமாபாத்திலிருந்து ஸ்கர்து என்ற ஊருக்கு விமானம் உண்டு. வானம் மூடியிருந்தால் பறக்காது. அப்போது மலைப்பாதையில் வாகனம்தான். ஸ்கர்து ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஜீப்பில் அஸ்கோலி, 3,000 மீற்றர். அதுதான் கடைசிக் கிராமம். அதற்குப் பிறகு பாதை கால்களுக்கு மட்டும். பல்தோரோவுக்கு அரசின் அனுமதியும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். போகக்கூடிய காலம் ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடிவுவரை.

பனி, ஐஸ், ஆறு

எங்கள் மொழியில் ‘பனி’ என்ற சொல் நிறைய வேலை செய்கிறது. மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, வயலை மூடுகிற மூட்டமும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களையே முன்னோர் வகுத்து வைத்தார்கள். வானத்திலிருந்து பஞ்சுபோல விழுகிற வெள்ளைக்குத் தனிச்சொல் தேவைப்படவில்லை. அது எங்கள் நிலத்தில் விழவில்லை. ஆகவே “பனியிலையா நடந்தனி?” என்று கேட்பவர்கள் மனதில் மெத்தென்ற ஒன்றைக் காண்கிறார்கள். பனியாற்றுக்கு அது பொருந்தாது. பனியாறு என்பது ஐஸ். மீன்வாடியில் பெட்டிக்குள் கொட்டுகிற அதே கடினமான ஐஸ், பல நூறு மீற்றர் தடிப்பில்.

அது உண்டாகும் விதம் இப்படி. உயர்ந்த சரிவுகளில் விழும் பனி கோடையில் முழுவதும் உருகி முடிவதில்லை. மிஞ்சியதன்மேல் அடுத்த ஆண்டின் பனி விழும். புதிதாக விழுந்த பனியில் ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவுதான் இருக்கும், மீதியெல்லாம் காற்று. மேலே பாரம் ஏற ஏற அந்தக் காற்று பிதுங்கி வெளியேறும், பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணியாகும், மணிகள் இறுகிக் கட்டியாகும். ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகள் போனபின் ஒரு கன மீற்றர் 900 கிலோவைத் தொடும். அந்தக் கட்டத்தில் அது நீலம் பாய்ந்த ஐஸ்.

அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. ஐஸ் மிகவும் தடித்துவிட்டால் தன் பாரத்தாலேயே நகரத் தொடங்குகிறது. உள்ளேயிருக்கும் பளிங்குகள் மெல்ல மெல்ல உருமாறிச் சரிவுப் பக்கம் வழிகின்றன. அடியில் உருகிய நீர் பாறைக்கும் ஐஸுக்கும் இடையே புகுந்து வழுக்கிவிடுகிறது. மகாவலியைப்போலவே நடுப்பகுதி வேகமாகவும் கரைப்பக்கம் தாமதமாகவும் ஓடும். வேகம் மட்டும் வேறு. பல்தோரோவின் வேகமான பகுதிகளில் ஒரு நாளைக்கு ஒரு சாண் முதல் ஒரு முழம்வரை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரவில் கூடாரத்துக்குள் படுத்திருந்தால் கீழே எங்கோ ஐஸ் விண்ணென்று வெடிக்கும் ஒலியும், அடியில் நீர் ஓடும் ஒலியும் கேட்கும். ஆறு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள் என்று அப்போது விளங்கும்.

பல்தோரோவின் நீளம் ஏறத்தாழ 63 கிலோமீற்றர். பக்கத்துப் பியாபோ 67, கிழக்கே சியாச்சென் 76. துருவப் பகுதிகளுக்கு வெளியே இவ்வளவு நீண்ட பனியாறுகள் நெருங்கிக் கிடக்கும் மலைநிலம் வேறு அரிது.

முதல் நாள் பனியாற்றின் நுனியைப் பார்த்தபோது நான் ஏமாந்துபோனேன். வெள்ளை எங்கேயும் இல்லை. மலைபோலக் குவிந்த சாம்பல்நிறக் கற்கள். கட்டடம் இடித்த இடம்போல இருந்தது. “ஐஸ் எங்கே?” என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சப்பாத்து நுனியால் கற்களைத் தள்ளினார். நாலு விரற்கடைக்குக் கீழே கறுத்து மின்னியது ஐஸ். இரு பக்க மலைகளிலிருந்தும் உதிர்கிற பாறைகளைப் பனியாறு தன் முதுகில் சுமந்துகொண்டு வருகிறது. கீழே வர வர ஐஸ் உருகும், கல் மிஞ்சும். ஆகவே கீழ்ப்பகுதி முழுவதும் கல்லால் மூடிவிடுகிறது.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர் ஆட்களுக்குப் புத்தகம் தேவையில்லை. ஐஸ் கொம்பனியிலிருந்து வரும் பாளத்தை மரத்தூளும் உமியும் சாக்கும் போட்டு மூடி வைத்தால் வெயிலிலும் நிற்கும் என்று மீன்காரர் எல்லாருக்கும் தெரியும். தடித்த கல் மூடியும் அதைத்தான் செய்கிறது. ஆனால் மெல்லிய தூசி படிந்தால் நேர்மாறு: கறுப்பு வெயிலை இழுக்கும், ஐஸ் இன்னும் வேகமாக உருகும். ஒரே பனியாற்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். சில இடங்களில் ஒரு பெரிய தட்டைப் பாறை ஐஸ் தூண் ஒன்றின்மேல் மேசைபோல நிற்கும். பாறையின் நிழலில் இருந்த ஐஸ் தப்பியது, சுற்றியிருந்தது உருகிப் போனது, அவ்வளவுதான்.

ஆபத்து ஐஸின் மேற்பகுதியில் இருக்கிறது. அடியாழத்து ஐஸ் பாரத்தால் வளைந்து கொடுக்கும். மேலேயுள்ள ஏறத்தாழ முப்பது மீற்றர் வளையாது, வெடிக்கும். சரிவு திடீரென்று கூடுகிற இடத்திலும் வளைகிற இடத்திலும் பிளவுகள் திறக்கும். வெறும் ஐஸில் பிளவு கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். மேலே விழுபனி மூடியிருந்தால் தெரியாது. அங்கே ஆட்களைக் கயிற்றால் ஒருவரோடு ஒருவர் கட்டாமல் ஓர் அடியும் வைக்கக்கூடாது. கொன்கோர்டியா என்ற முகாம்வரை எங்கள் வழி கல்மூடிய பகுதியிலேயே போனதால் கயிறு தேவைப்படவில்லை. அதற்கு அப்பால் 5,500 மீற்றரைத் தாண்டும் கொந்தகோரோ கணவாய்க்குப் போகிறவர்கள் நடுச்சாமத்தில் புறப்படுகிறார்கள், கயிறும் முள்ளுச்சப்பாத்துமாக. வெயில் ஏறுமுன் பனி இறுகிக் கிடக்கும்போதே தாண்டிவிட வேண்டும். நான் அதற்குப் போகவில்லை. முதல்முறை போகிறவர்களுக்கு கொன்கோர்டியா போதும் என்பதுதான் என் எண்ணம். அங்கே இரண்டு பெரிய பனியாறுகள் கூடுகின்றன. உலகில் 8,000 மீற்றரைத் தாண்டிய சிகரங்கள் பதினான்கே பதினான்கு. அவற்றில் கே2, புரோட் பீக், இரண்டு காஷர்புரூம்கள் என நான்கு அந்த இடத்தைச் சுற்றியே நிற்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகின் பனியாறுகள் பெரும்பாலும் சுருங்கி வருகையில், காரகோரத்துப் பனியாறுகள் பல நிலையாகவும் சில பெருத்தும் இருந்தன. கென்னெத் ஹியூவிற் என்ற ஆய்வாளர் 2005இல் இந்தப் புறநடையைப் பற்றி எழுதினார். மாரியில் மேற்கிலிருந்து வரும் காற்று அங்கே நிறையப் பனியைக் கொட்டுவதும் ஒரு காரணம். அண்மைக் காலத்தில் அந்த நிலையும் ஆட்டங்காணத் தொடங்கியிருக்கிறது. பல்தோரோவின் உருகுநீர் பிரால்டு, சிகார் என்று பெயர்மாறி ஸ்கர்துக்குப் பக்கத்தில் சிந்துநதியில் சேர்கிறது. சிந்துவை நம்பி வயல் செய்பவர்கள் கோடிக்கணக்கில். அந்தச் சிந்து பிறப்பது கைலாயத்துக்குப் பக்கத்தில். இதைச் சொன்னதும் பெரியம்மா கைகூப்பினார்.

காற்று ஏன் மெலிகிறது

இனி மூச்சு. இதைத்தான் நிறையப் பேசவேண்டும்.

உயரத்தில் ஒட்சிசன் இல்லை என்று சொல்வது பிழை. எங்கள் டச்சுக்குடாக் கடற்கரையிலும் கே2 உச்சியிலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு ஒன்றுதான், ஏறத்தாழ 21 வீதம். மாறுவது அமுக்கம். காற்றுக்கும் எடை உண்டு. அரிசி மூட்டைகளை அடுக்கினால் அடிமூட்டைதான் நசுங்கும், மேல்மூட்டை பொங்கியபடி இருக்கும். நாங்கள் அடிமூட்டைக்குள் வாழ்கிறோம். உயரே போகப் போக மேலே இருக்கும் பாரம் குறையும், காற்று ஐதாகும். ஒரே அளவு மூச்சை இழுத்தாலும் நெஞ்சுக்குள் வருகிற ஒட்சிசன் குறைந்துவிடும்.

எவ்வளவு குறையும்? கடலில் இறங்கிப் பழகியவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கடலுக்குள் பத்து மீற்றர் இறங்கினால் உடம்பின்மேல் அமுக்கம் இரண்டு மடங்காகும். கடல்மட்டத்து அமுக்கத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் 5,500 மீற்றர் ஏற வேண்டும். கொன்கோர்டியா 4,600 மீற்றர்; அங்கே எங்கள் ஊர் அமுக்கத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் மிச்சம்.

என் சித்தப்பா சிலிண்டர் கட்டிச் சங்கு குளித்தவர். சிறுவயதில் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: “இறங்கேக்க எப்பிடியெண்டாலும் இறங்கு. ஏறேக்க நிண்டு நிண்டு ஏறு.” அவரோடு தொழில் செய்த ஒருவர் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆழத்தின் அமுக்கத்தில் குருதிக்குள் கரைந்திருந்த நைதரசன், அமுக்கம் சட்டென்று குறைந்ததும் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் குமிழியாகிவிட்டது. மலையில் நடப்பது இதுவல்ல; அங்கே குமிழி இல்லை, ஒட்சிசன் குறைவுதான் காரணம். ஆனால் விதி ஒன்றே. அமுக்கம் குறைகிற பக்கம் போகும்போது உடம்புக்கு நேரம் கொடுக்கவேண்டும். மலைக்காரரும் சங்கு குளிப்பவரும் ஒருவருக்கொருவர் எளிதாக விளங்கிக்கொள்வார்கள். (நீங்கள் சிலிண்டர் கட்டி முக்குளிப்பவரென்றால், கடைசியாகக் கடலில் இறங்கியபின் ஒரு நாளாவது கழித்தே விமானமோ மலையோ ஏறுங்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்தால் கெடுதி.)

அந்த நேரத்துக்குள் உடம்பு என்ன செய்கிறது? முதல் மணித்தியாலத்திலேயே மூச்சு வேகமாகும், இதயம் விரைவாக அடிக்கும். வேகமாக மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறும். குருதியின் காரத்தன்மை கூடும். மூளை “போதும், மூச்சைக் குறை” என்று தடைபோடும். இந்தத் தடையை எடுப்பது சிறுநீரகம். அது இரண்டு மூன்று நாட்களில் மேலதிகக் காரத்தைச் சிறுநீரோடு அகற்றிவிடும். அதன்பின் தடையில்லாமல் ஆழமாக மூச்சு வாங்கலாம். மேலே போனால் அடிக்கடி சிறுநீர் கழியும். அது நல்ல அறிகுறி. செங்குருதிக் கலங்கள் கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். குறுகிய பயணத்தில் எங்களைக் காப்பாற்றுவது மூச்சும் சிறுநீரகமும்தான். இரண்டுக்கும் தேவை நாட்கள். பணத்தாலும் உடற்பயிற்சியாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியாது.

உடற்பயிற்சி பற்றி அழுத்திச் சொல்லவேண்டும், இளைஞர்கள் இதில்தான் பிழைவிடுகிறார்கள். உடல் உறுதி சோர்வைக் குறைக்கும், உயரநோயைத் தடுக்காது. எங்கள் குழுவில் மிகவும் மெதுவாக நடந்த ஒரு அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் ஓடியோடி நடந்த எனக்குத்தான் கோரோ முகாமில் தலை பிளந்தது. இரவு வாந்தி. வழிகாட்டி ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. “நாளை நடை இல்லை” என்று மட்டும் சொன்னார். ஒரு முழுநாள் அங்கேயே இருந்தேன். மறுநாள் காலை தலைவலி எடுத்துப் போட்டதுபோல் போயிருந்தது. ஒரு நாளின் மதிப்பு எனக்கு அங்கே தெரிந்தது.

விதியாகச் சொன்னால் இவ்வளவுதான்: 3,000 மீற்றரைத் தாண்டியபின் ஒரு இரவு படுத்த இடத்தைவிட அடுத்த இரவு படுக்கும் இடம் 500 மீற்றருக்குமேல் உயரக்கூடாது. மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் இரண்டாவது இரவு தங்கவேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே வந்து படுக்கலாம்; கணக்கு படுக்கும் உயரத்துக்குத்தான். பல்தோரோ வழியில் இது பெரும்பாலும் இயல்பாகவே அமைந்திருக்கிறது. அஸ்கோலி 3,000, பையூ 3,400, உர்துகாஸ் 4,050, கோரோ 4,300, கொன்கோர்டியா 4,600. பையூவிலிருந்து உர்துகாஸுக்கு மட்டும் 650 மீற்றர் ஏற்றம்; அதற்கு முன் பையூவில் எல்லாரும் ஒரு நாள் நிற்பது வழக்கம். சுமைதூக்கும் பல்தி மக்கள் அன்று ஆடடித்து, அடுத்த நாட்களுக்கான ரொட்டி சுட்டு அடுக்குவார்கள். அவர்கள் வேலைக்காக நிற்கிறார்கள், எங்கள் குருதி அதற்குள் பழகிக்கொள்கிறது.

எது சாதாரணம், எது ஆபத்து

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு. இவை வந்தால் மேலே போகாமல் நில்லுங்கள். பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும். இரவில் பக்கத்தில் படுத்தவரின் மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமாக வாங்கினால் பயப்படாதீர்கள். உயரத்தில் நித்திரையில் அப்படித்தான் மூச்சு அலையலையாக வரும்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி பலர் வீட்டிலும் இருக்கிறது. கொண்டுபோங்கள், ஆனால் இலக்கத்தைப் பார்த்து நடுங்காதீர்கள். ஊரில் 98 காட்டுகிற கருவி 4,600 மீற்றரில் நல்ல சுகத்தோடு இருப்பவருக்கும் 80க்கும் 90க்கும் இடையில்தான் காட்டும். உங்கள் இலக்கம் குழுவில் மற்றவர்களைவிட மிகவும் தாழ்ந்திருந்தாலோ, ஓய்வெடுத்தும் விழுந்துகொண்டே போனாலோதான் கவனிக்கவேண்டும்.

ஆபத்து இரண்டு வகை. ஒன்று மூளை வீங்குவது: பேச்சு குழறும், ஆள் தடுமாறும். ஒரு நேர்கோடு கீறி, ஒரு காலின் விரல்நுனியில் மற்றக் காலின் குதி தொடும்படி நடக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அதுதான். மற்றது நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரை வரும். இரண்டுக்கும் மருந்து கீழே இறங்குவது. இரவென்றாலும் மழையென்றாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. ஐந்நூறு மீற்றர் இறங்கினாலே ஆள் தேறத் தொடங்கலாம்.

இங்கேதான் பனியாற்றின் குணம் எங்களுக்கு எதிராக நிற்கிறது. பல்தோரோ மிகவும் சரிவு குறைந்தது. கொன்கோர்டியாவிலிருந்து இரண்டு நாள் கல்லில் நடந்தாலும் அறுநூறு மீற்றருக்குமேல் இறங்க முடியாது. ஆகவே குழுவிடம் ஒட்சிசன் சிலிண்டரோ அமுக்கப் பையோ இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். அமுக்கப் பை என்பது ஒரு ஆள் படுக்கக்கூடிய காற்றிறுகிய பை. நோயாளியை உள்ளே வைத்து மூடி, காலால் மிதித்துக் காற்றடிப்பார்கள். உள்ளே இருப்பவருக்கு 1,500 மீற்றருக்குமேல் கீழிறங்கியது போல இருக்கும். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, “எங்கட ஆக்களை ஆஸ்பத்திரியில இரும்பு அறைக்குள்ள போடுறது மாதிரித்தானே” என்று உடனே பிடித்துக்கொண்டார். அதே கருத்துத்தான்.

அசெற்றசோலமைட் என்ற மாத்திரை, சிறுநீரகம் செய்யும் வேலையை விரைவுபடுத்தும். வழமையாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறுவதற்கு முதல்நாளே தொடங்குவார்கள். விரல்நுனி கூசும், சிறுநீர் கூடும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. இது உடம்பு பழகுவதற்கு உதவுகிற மருந்து. கெதியாக ஏறுவதற்கு அனுமதிச்சீட்டு அல்ல. தலைவலிக் குளிசை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு மேலே ஏறுவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம்.

குளிர் பற்றிக் கொஞ்சம். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். எங்கள் ஊர் 30 பாகையிலிருந்து கணக்குப் போட்டால் 4,600 மீற்றரில் 0 வரும். ஆடி மாதத்து இரவில் கூடாரத்தின் உள்துணியில் மூச்சு உறைந்து தூள்தூளாக உதிர்ந்தது. பகலிலோ வெயில் சுட்டது. ஆயிரம் மீற்றருக்குப் பத்து வீதம் அளவில் புற ஊதாக்கதிர் கூடும். புதுப்பனி அதன் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நடந்தால் இரவு கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரியும். நிலாவெளி மணலில் வெறுங்கண்ணோடு வளர்ந்தவர்கள் கண்ணாடியை மதிப்பதில்லை, அங்கே மதியுங்கள்.

சோறு கேட்பவர்களுக்கு: அங்கே தண்ணீர் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும், ஆனால் அரிசி வேகாது. பிரஷர் குக்கர் சுமந்து வருகிற குழுவோடு போங்கள்.

பெரியம்மாவின் திட்டம்

பிறகு அவர் கொண்டுவந்த தாளை மேசையில் விரித்தோம். கைலாயம் 6,638 மீற்றர். அதன்மேல் யாரும் ஏறுவதில்லை, சுற்றித்தான் வருவார்கள், 52 கிலோமீற்றர். மானசரோவர் ஏரி 4,590. சுற்றுவழியில் உயர்ந்த இடமான தோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கு மேல். அதாவது பெரியம்மா படுக்கப்போகிற ஏரிக்கரையே கோரோவில் தலைவலியோடு ஒரு நாள் நின்றபின் நான் போய்ச் சேர்ந்த கொன்கோர்டியாவின் உயரம்.

திட்டத்தில் நேபாளச் சமவெளியிலிருந்து விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகொப்டரில் ஹில்சா, எல்லை தாண்டித் திபெத்தில் தக்லகோட், மறுநாள் ஏரி. சிமிகோட் 2,900 அளவு, ஹில்சா 3,600க்கு மேல், தக்லகோட் 3,900 அளவு. நான் பையூவுக்கும் கோரோவுக்கும் கொடுத்த நாட்களை இந்தத் தாள் ஹெலிகொப்டருக்குக் கொடுத்திருந்தது. வாகனம் எவ்வளவு வசதியோ, உடம்புக்கு அவ்வளவு குறைந்த நேரம்.

“அப்ப வயசாலை ஏலாதோ?” என்றார் பெரியம்மா. வயது தடையில்லை என்றேன். இதயம், நுரையீரல், பிரஷர் மூன்றையும் வைத்தியர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். ஒரே தாவலில் 500 மீற்றருக்குமேல் உயர்கிற வழி இது; அதற்கு ஈடாகச் சிமிகோட்டில் ஒரு இரவு, தக்லகோட்டில் மூன்று இரவு, ஏரிக்கரையில் இரண்டு இரவு என்று கேட்டு வாங்கவேண்டும். ஏரியில் முழுகாமல் தலையில் தெளித்துக்கொள்ளவேண்டும். அந்தத் தண்ணீரின் குளிர் நெஞ்சைப் பிடிக்கும். கணவாயில் ஏலாமல் வந்தால் திரும்பவேண்டும், யாரும் வற்புறுத்தினாலும். மலையின் தெற்கு முகத்தை ஏரிக்கரையில் இருந்தே காணலாம், அதுவும் தரிசனம்தான் என்றேன். அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

நாட்களைக் கூட்டினால் காசும் கூடும். பெரியம்மா விரல் மடித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் வலை கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா தலை நிமிராமலே சொன்னார்: “காசைப் பாக்காதையுங்கோ அக்கா. ஏறேக்க நிண்டு நிண்டு ஏறுங்கோ.”

பெரியம்மா என் பேனையை வாங்கினார். தாளில் தக்லகோட்டுக்கு நேரே இருந்த 1ஐ வெட்டி, 3 என்று எழுதினார்.